பெண் ஆள் – 14

போன புத்தகத் திருவிழாவில் பில் போடும் இடத்தில் வரிசையில் நின்றிருந்தோம், நானும் பேத்தியும். என் பையில் ஏழு புத்தகங்கள். அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சீட்டுக்கட்டை விரிக்கிற மாதிரி மேஜை ஓரத்தில் பரப்பினாள். அட்டையில் இருந்த பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள்.

"தாத்தா, ஏழும் ஆம்பளைங்க."

"அதுக்கென்ன? நல்ல புத்தகமான்னு பாத்து எடுத்தேன். எழுதுனது ஆணா பொண்ணான்னா பாப்பாங்க?"

"பாக்காம எடுத்திருந்தா, தவறிப்போயாவது ஒண்ணு ரெண்டு உள்ள வந்திருக்குமே" என்றாள்.

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அந்தத் 'தவறிப்போயாவது' என்ற சொல் ஆட்டோவில் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

முப்பத்தைந்து வருஷம் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான். மனசு கலங்கினால் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன். அன்று ராத்திரி அலமாரியை எண்ணினேன். மொத்தம் 212 புத்தகங்கள். பெண்கள் எழுதியவை 19. அதிலும் 14, போய்ச் சேர்ந்துவிட்ட என் மனைவி வாங்கியவை. அவற்றைக் கழித்தால், அறுபது வருஷ வாசிப்பில் என் கை தானாகத் தேடி எடுத்தவை ஐந்து.

இத்தனைக்கும் நான் பேத்தியிடம் சொன்னது பொய்யில்லை. 'பொம்பளை எழுதினது, வேண்டாம்' என்று ஒரு நாளும் எந்தப் புத்தகத்தையும் நான் திருப்பி வைத்ததில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்கே என்றைக்காவது உறைத்திருக்கும். அந்தப் பக்கம் கை போகவே இல்லை. அதனால்தான் தெரியாமலே போய்விட்டது.

கை போகாததற்கு நான் மட்டும் காரணமில்லை. எழுபதுகளில் எங்கள் தெருவுக்கு ஒருவர் சைக்கிளில் வாடகைக்குப் புத்தகம் கொண்டுவருவார். கேரியரில் இரண்டு கட்டு இருக்கும். வாசலில் என் மனைவி நின்றால் லட்சுமி, சிவசங்கரி, இந்துமதி என்று ஒரு கட்டு அவிழும். நான் நின்றால் மற்றக் கட்டு. எது வேண்டும் என்று அவர் கேட்டதே கிடையாது. நாங்களும், இது எனக்கு ஏன் இல்லை என்று கேட்டதில்லை. வாசகன் தேர்ந்தெடுக்கிறான் என்கிறோம். பாதித் தேர்வு, கயிறு கட்டும்போதே முடிந்துவிடுகிறது.

இரண்டு கட்டுகளிலும் வந்துபோன ஒரே ஆள் சுஜாதா. என் மனைவி ரொம்ப நாள் அவரைப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா, ஒரு பொம்பளை கம்ப்யூட்டர் பத்தி என்னமா எழுதுறா" என்று என்னிடம் பெருமையாகச் சொல்வாள். பிறகு ஏதோ ஒரு பத்திரிகையில், மனைவி பெயரில் எழுதும் ரங்கராஜன்தான் சுஜாதா என்று, கண்ணாடி போட்ட அவர் படம் வந்தது. ஏமாந்துபோவாள் என்று எதிர்பார்த்துப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். "போகட்டும், பொண்டாட்டி பேரையாவது போட்டாரே" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அவளுக்குக் கதைதான் முக்கியம். பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று காட்டித்தர ஆசைப்பட்டவன் நான்தான்.

அவர் மனைவி பெயரை வைத்துக்கொண்டதற்குக் காரணமும் சாதாரணமானது. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமே என்று இந்த ரங்கராஜன் சுஜாதா ஆனார். 'திருவரங்கன் உலா' எழுதிய ஸ்ரீ வேணுகோபாலன், வேறு மாதிரிக் கதைகளுக்குப் புஷ்பா தங்கதுரை ஆனார். இங்கிலாந்தில் கதை தலைகீழ். மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் ஜார்ஜ் எலியட் என்று எழுதினார். சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' 1847இல் வெளியானபோது அட்டையில் இருந்த பெயர் கரர் பெல். அதெல்லாம் பழங்காலம் என்று தள்ள முடியாது. 1997இல் ஹாரி பாட்டர் வரும்போதும், பெண் பெயரைப் பார்த்தால் பையன்கள் ஒதுங்கிவிடலாம் என்று பதிப்பகத்தார் எண்ணியதால்தான் ஜோன் ரவுலிங் 'ஜே.கே.' ஆனார். ஆண் பெண் பெயரை மாட்டிக்கொண்டது வசதிக்காக. பெண் ஆண் பெயரை மாட்டிக்கொண்டது கதவு திறக்க. இரண்டும் ஒன்றல்ல.

இப்போது என் கதவுக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், மனைவியின் புத்தகக் கட்டில் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வந்தது. எங்கள் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். இங்கே வந்து, நேரில் பார்த்து, பேசி எழுதியது. 1973லேயே சாகித்ய அகாதெமி பரிசு வாங்கியவர் அவர், தமிழில் அதைப் பெற்ற முதல் பெண். எனக்கு அதெல்லாம் தெரியாது. "இதப் படிங்களேன், உங்க அளத்துக் கதை" என்று நீட்டினாள்.

"உப்பை ரசத்துல போட்டுப் பாத்திருப்பா. அளத்தப் பத்தி அவளுக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் படித்தாள். மூன்றாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்:

"ஏங்க, உங்க அளத்துல வேலை பாக்குற பொம்பளைங்க ஒண்ணுக்குப் போகணும்னா எங்க போவாங்க?"

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கு எட்டின மட்டும் பாத்தி, பாத்திக்கு நடுவே வரப்பு, உப்பைக் குவிக்கிற தட்டுமேடு. ஒரு மரம் கிடையாது, மறைவுக்கு ஒரு புதர் கிடையாது. வெள்ளை வெளேர் என்று கண் கூசும் வெட்டவெளி. ஆண்கள் பாத்தியில் இறங்கி உப்பை வாருவார்கள்; பெண்கள் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகத் தட்டுமேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். நான் ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து, எத்தனை நடை, எத்தனை கூலி என்று எழுதிக்கொண்டிருப்பேன். பத்து வருஷத்துக்கு மேல் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

அப்போதாவது அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தேனா? இல்லை. வீம்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அவளும் போன பிறகு, ஒரு மழைக்காலத்தில்தான் படித்தேன். எனக்குத் தெரியாத இடம் அதில் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள்கூட இல்லை. தினமும் பார்த்த முகங்கள்தான். கொட்டகையிலிருந்து பார்த்ததால் அவர்களை நடையாகவும் கூலியாகவும் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

இதை வைத்து, பெண்களைப் பற்றிப் பெண்தான் எழுத வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' கங்காவை எழுதியவர் ஜெயகாந்தன். மறுபக்கம் ராஜம் கிருஷ்ணன், நீலகிரிப் படகர்களை, கடலோர மீனவர்களை, சம்பல் கொள்ளையரை, கோவா விடுதலையை எல்லாம் எழுதினார். பெண் எழுதினால் அடுக்களைதான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் நான் கால் வைக்காத ஊரெல்லாம் போய்வந்திருக்கிறார். அடுக்களை அவர் எழுத்தில் இல்லை, என் தலைக்குள் இருந்தது. அடுக்களையை எழுதினால்தான் என்ன குறை, அங்கே வாழ்க்கை இல்லையா என்று அம்பையைப் படித்த பிறகு கேட்கத் தோன்றுகிறது. அந்த அம்பைக்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது 2021இல். ராஜம் கிருஷ்ணன், லட்சுமி, திலகவதிக்குப் பிறகு தமிழில் நாலாவது பெண். பரிசு கொடுக்க ஆரம்பித்தது 1955இல். ஆக, என் அலமாரிக் கணக்கு என் அலமாரிக்கு மட்டும் உரியது என்று தோன்றவில்லை.

பேத்தி ஒரு முடிவு எடுத்திருக்கிறாள். இந்த வருஷம் முழுக்கப் பெண்கள் எழுதியதை மட்டுமே படிப்பாளாம். பெரியவன் என்ற உரிமையில் சொல்லிப் பார்த்தேன்: "அதுவும் ஒரு வேலிதானே கண்ணு?"

"நீங்க அறுபது வருஷம் ஆம்பளைங்களையே படிச்சீங்க, அதை வேலின்னு யாரும் சொல்லல. நான் ஒரு வருஷம் படிச்சா மட்டும் வேலியா?"

பதில் இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவளுடைய கட்டு ஒரு வருஷத்தில் அவிழ்ந்துவிடும். அது கட்டு என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது, அதுதான் வித்தியாசம். ஜெயகாந்தனை அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

வயதில் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. நான் பேதம் பார்ப்பதில்லை என்று வாயால் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை அலமாரியை எண்ணிப் பாருங்கள். மனசு சொல்வதை எண்ணிக்கை சில சமயம் ஒப்புக்கொள்வதில்லை.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். உப்பளத்தில் சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா. பேரேட்டில் ஆண்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் நேரே தொகை போடுவேன். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: 'பெண் ஆள் – 14'. மொத்தத் தொகை கங்காணி கையில் போகும். அவர் பிரித்துக் கொடுப்பார். எனக்கு முந்தியவர் அப்படித்தான் எழுதினார், நானும் அப்படியே எழுதினேன். வருஷக்கணக்காக என் கையெழுத்தில் அந்த வரி இருக்கிறது.

நேற்று ராத்திரி ஒரு தாளை எடுத்து, அந்தப் பதினாலு பேரின் பெயர்களை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று பெயர் வந்தது. நாலாவதுக்கு முகம் வந்தது, பெயர் வரவில்லை.