அடியான் யாருக்கு?

வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவைக் கடக்கும்போதெல்லாம் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நடுவில் அந்த 'துஸ்' எங்கிருந்து வந்தது? ஆம்பூர் மஸ்ஹருல் உலூமில் 'ருல்'. பக்கத்து உமராபாத்தில் காகா முஹம்மது உமர் 1924இல் தொடங்கிய தாருஸ்ஸலாமில் 'ருஸ்'.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்திடம் கேட்டேன். "எல்லாம் ஒரே 'அல்'தான் தம்பி" என்றார். இன்னதுதான் என்று சுட்டுகிற அரபு முன்னொட்டு அது. அரபு எழுத்துகள் 28. அவற்றில் 14 'கமரி', நிலவெழுத்து. 14 'ஷம்ஸி', சூரிய எழுத்து. நிலவெழுத்துக்கு முன் லகரம் அப்படியே ஒலிக்கும்; சூரிய எழுத்து வந்தால் அந்த எழுத்தாகவே மாறிவிடும். அதனால்தான் அப்துல் கரீம், ஆனால் அப்துர் ரஹ்மான், அப்துஸ் ஸலாம்.

பள்ளியில் அப்போது புணர்ச்சி இலக்கணம் நடந்துகொண்டிருந்தது. நல்லும் நூலும் சேர்ந்து நன்னூல். அல்லும் நூரும் சேர்ந்து அந்நூர். இரண்டிலும் லகரம் அடுத்து வரும் மெல்லினத்துக்கு இணங்கித் தானும் மெல்லினமாகிறது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. இலக்கணம் பிடித்துப்போனதே அதற்குப் பிறகுதான்.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் நடத்திய கவிக்கோ தம் நூல்களில் 'அப்துல் ரகுமான்' என்றே போட்டார். ஹஜ்ரத்தின் விதிப்படி அது 'அப்துர்'தான். ஆனால் 'ஆலாபனை'க்காக 1999இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற பெயர் அந்த லகரத்தோடுதான் நிற்கிறது. அதைத் திருத்த யாருக்கும் உரிமை இல்லை. தமிழ் நாக்கில் ஊறிய வடிவமும் சரியான வடிவமே.

பிறகு ஒரு டேனரியில் கணக்கெழுதினேன். கூலிப் பேரேட்டில் பக்கத்துக்குப் பக்கம் அப்துல். மேஸ்திரி "அப்துல்!" என்று கூப்பிட்டால் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் ஒருவர், தோல் காயவைக்கும் கொட்டகையில் ஒருவர் நிமிர்வார்கள். எனக்கு ஹஜ்ரத் நினைவு வரும். 'அப்து' என்றால் அடியான். யாருக்கு அடியான் என்பதைப் பின்னால் வரும் இறைநாமம்தான் சொல்லும் என்பார் அவர். கரீம், கொடையாளன். ஹக்கீம், ஞானமுடையவன். மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863-1938) பெயரில் 1965 முதல் அங்கே கல்லூரி நடக்கிறது. ஞானமுடையவனின் அடியான் என்ற பெயர் கல்லூரிக்கு எவ்வளவு பொருத்தம்!

வெறும் 'அப்துல்' என்றால் அடியான் என்பதோடு பேச்சு அறுந்துபோகிறது. வெறும் 'கரீம்' என்பதையும் மார்க்கப் பற்றுள்ள பெரியவர்கள் விரும்புவதில்லை. அது இறைவனின் பெயர். உங்கள் அலுவலகத்திலோ அடுத்த வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் முழுப்பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்: அப்துல் கரீம் பாய்.