அருகில் அமர்கிறவர்



இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாடநூலை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பாடத்தின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு சதுரம் அச்சிடப்பட்டிருக்கும். 2018ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது இந்தக் கியூஆர் கோடுகளும் உடன் வந்தன. தீக்ஷா என்னும் செயலியைத் திறந்து கேமராவை அதன்மேல் காட்டினால், அந்தப் பாடத்திற்குரிய காணொலியோ பயிற்சியோ திரையில் வரும். மளிகைக் கடையில் பணம் செலுத்த இதே போன்ற சதுரத்தை நாள்தோறும் தேடுகிற நம்மில் பலர், பிள்ளையின் புத்தகத்திலும் அது இருப்பதைக் கவனித்ததில்லை.

2019 ஆகஸ்டு 26ஆம் தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது, இவையே பிள்ளைகளின் வகுப்பறையாயின. நம் ரெட்டிபாளையத்தில் அது எப்படி நடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டு ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திற்கும் ஷிப்டு முறையில் வேலைக்குப் போகிற வீடுகள் நம்முடையவை. வீட்டிலிருந்த ஒரே கைபேசி தகப்பனின் சட்டைப்பையில் லாரியோடு புறப்பட்டுவிடும். அவர் திரும்பி வரும்போது ஆசிரியர் அனுப்பிய பாடங்கள் குவிந்திருக்கும். அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே கைபேசி என்றால், அது முதலில் யார் கைக்குப் போயிற்று என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

அந்நாட்களில் நம் சபையைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “போன் நல்லாத்தான் பாடம் சொல்லுதுங்க ஐயா. இவளுக்குப் புரியலேன்னா அதுக்குத் தெரியுமாங்க?” அவருடைய மகள் ஒரே கணக்குக் காணொலியை மூன்று முறை பார்த்திருந்தாள். மூன்று முறையும் அது ஒரே விதமாகத்தான் சொல்லிற்று. நான்காம் முறை அவள் பார்க்கவில்லை. தனக்குக் கணக்கு வராது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நல்ல ஆசிரியர் ஒருவர் எதிரே நின்றிருந்தால், அவள் நெற்றி சுருங்கியதைக் கண்ட மாத்திரத்திலேயே வேறு விதமாகத் தொடங்கியிருப்பார்.

அந்தத் தாயின் கேள்விக்கு அரசாங்கமும் ஒரு விதத்தில் பதில் தேடியது. 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலை வேளைகளில், அவர்கள் குடியிருப்பிலேயே ஒரு தன்னார்வலர் பாடம் சொல்லித் தந்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தன்னார்வலர் பதிவு இணையத்தில் நடந்தது. பாடமோ திண்ணையிலும் மரத்தடியிலும் பாயின்மேல் நடந்தது. இத்தனை செயலிகளுக்கும் ஒளிபரப்புகளுக்கும் பிறகு, கடைசியில் பிள்ளையோடு உட்காருவதற்கு ஓர் ஆளைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரியைச் சந்திக்கிறோம். எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வனாந்தர வழியில், இரதத்தில் அமர்ந்து ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டு போகிறார். கையால் எழுதிய சுருள்கள் எளியோருக்கு எட்டாதிருந்த காலம் அது. அரசியின் பொக்கிஷத்தைக் காக்கிறவரிடம் ஒன்று இருந்தது. அவருக்கு வாசிக்கவும் தெரிந்திருந்தது. பொருள்தான் விளங்கவில்லை. பிலிப்பு ஓடிச்சென்று, வாசிப்பது விளங்குகிறதா என்றே முதலில் கேட்கிறார். ஒருவர் வழிகாட்டாமல் எப்படி விளங்கும் என்று சொல்லி, மந்திரி அவரை ஏறித் தம்மோடு உட்காரும்படி வேண்டுகிறார். பிலிப்பு ஏறி உட்கார்ந்து, மந்திரி தடுமாறிய அந்த வேதவாக்கியத்திலிருந்தே தொடங்குகிறார்.

இதைக் கேட்டு, கைபேசியைத் தூக்கி எறியச் சொல்லுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தார். அதற்கு முன்பு சொற்பொருள் அறிய உதவிய நிகண்டுகள் செய்யுளாய் இருந்தன. அவற்றை மனப்பாடம் செய்தவர்க்கே அவை முழுமையாகப் பயன்பட்டன. சொற்களை அகர வரிசையில் வைத்து அவர் பொருள் தந்தபின், எழுத்தறிந்த எவரும் தாமே தேடிக்கொள்ள இயன்றது. இன்று பிள்ளையின் விரல்நுனியில் இருக்கிற தேடுதலும் அந்த வரிசையில் வந்ததே. தேடத் தெரிந்த பிள்ளைக்கு அது பெரிய ஈவு.

சென்ற மாதம் நம் மாலை வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். புதைபடிவங்களைப் பற்றிய காணொலி ஒன்றைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கடற்கரை. பிள்ளைகளின் கண்கள் வேறெங்கோ அலைந்தன. அப்போது, சுரங்கத்தில் வேலை செய்கிற நம் வாலிபர் ஒருவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து கைபேசியின் அருகே வைத்தார். கல்லுக்குள் முழுதாய் ஒரு சிப்பி. ஒரு சிறுவன் எட்டிப் பார்த்து, “இது எங்க கொல்லையிலயும் கிடக்குதுண்ணா!” என்றான். அதன்பின் கைபேசி ஓயவில்லை. கல்லைப் படமெடுத்தார்கள், அதே போன்ற சிப்பிகளைத் தேடி ஒப்பிட்டார்கள், அரியலூர் நிலம் ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தது என்று புவியியலாளர் கூறுவதைக் கண்டுபிடித்து, “அப்போ நம்ம ஊரு கடலா?” என்று என்னிடமே திரும்பக் கேட்டார்கள். ஆலைக்கு லாரிகள் ஏற்றிச்செல்லும் கல் அந்தக் கடலின் மிச்சம் என்பது, பெரியவர்களில் சிலருக்கும் அன்றுதான் தெரிந்தது. அடுத்த விடுமுறையில் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச்செல்ல எண்ணியிருக்கிறோம்.

ஆகவே, சபையாரே, சில காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். தீக்ஷாவின் காணொலிகளைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத வேளையிலும் பார்க்கலாம். ஆலயத்தின் பக்கத்து அறையில் இணைய இணைப்பு இருக்கிறது, பிள்ளைகள் அங்கே வந்து இறக்கிக்கொள்ளட்டும். பெண்பிள்ளைகளுக்குக் கைபேசி தர அஞ்சுகிற பெற்றோரின் கவலையை நான் அறிவேன். அவர்கள் அந்த அறையில் பெரியவர்கள் முன்னிலையில் படிக்கலாம், தாய்மாரும் உடன் வரலாம். காணொலி முடிந்ததும், பிள்ளை கண்டதைத் தன் சொற்களில் உங்களுக்குச் சொல்லும்படி கேளுங்கள். எங்கே தடுமாறுகிறது என்பது அப்போது தெரியும்.

பழைய கைபேசி எதுவும் வீட்டில் சும்மா கிடந்தால், சார்ஜரோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குச் சொல்லித் தரக்கூடியவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப்பின் என்னிடம் பெயர் கொடுங்கள். கணக்குத் தெரியாதவர்களும் கொடுக்கலாம். செவ்வாயும் வியாழனும் மாலை 6 மணி. பாய்கள் போதாது, அவற்றையும் எவராவது கொண்டுவந்தால் நலம்.