மாடி காலி, காபி சூடு

நியூயார்க் நகரம், மன்ஹாட்டன். பிராட்வே சாலையும் 112-வது தெருவும் சந்திக்கும் முனையில் சிவப்பு நியான் எழுத்துகளில் ஒளிர்கிறது 'டாம்ஸ் ரெஸ்டாரண்ட்'. எதிர்ப்புறம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்களுக்குப் பலகையின் பிற்பாதியே போதும். 1989 முதல் 1998 வரை ஓடிய 'சைன்ஃபெல்ட்' டி.வி. தொடரில் நான்கு நண்பர்கள் அரட்டையடிக்கும் காபிக் கடைக்கு முகப்பாகக் காட்டப்பட்டது இதுதான். கேமரா சாமர்த்தியமாக 'டாம்ஸ்' என்பதை வெட்டிவிட்டது.

தொடரில் பார்த்த மேஜையைத் தேடி உள்ளே போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். அந்த மேஜை இருந்தது லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டூடியோவில். இங்கே இருப்பது அசல் 'டைனர்'. நீளமான கவுன்ட்டர், எதிரெதிர் சோபா இருக்கைகள், முட்டை, டோஸ்ட், வறுத்த உருளைக்கிழங்கு, பான்கேக், மில்க் ஷேக்.

இந்த வகைக் கடைகளின் பூர்வீகம் ஒரு குதிரை வண்டி. 1872-ல் பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர், இரவு வேலை பார்க்கும் பத்திரிகை ஊழியர்களுக்கு வண்டியில் வைத்துச் சாப்பாடு விற்றார். பின்னாளில் நியூயார்க்கில் இந்தத் தொழிலைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் கிரேக்கக் குடியேறிகள். டாம்ஸை 1940-களிலிருந்து நடத்திவருவதும் ஒரு கிரேக்க-அமெரிக்கக் குடும்பமே.

பக்கத்திலேயே கொலம்பியா பல்கலைக்கழகமும் பர்னார்ட் கல்லூரியும். பர்னார்டில் படித்த சுசான் வேகா, இங்கே காபியுடன் உட்கார்ந்து கண்ணில் பட்டதையெல்லாம் 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டாக்கினார். 1987-ல் வெளியான ஆல்பத்தில் அதை வாத்தியங்கள் இன்றிப் பாடினார். ஜெர்மனியில் எம்பி3 முறையை உருவாக்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்குக்கு அந்தத் தனிக் குரலே உரைகல் ஆனது. முதலில் குரல் சிதைந்து ஒலித்தது, சரியாகும்வரை திருத்தினார்.

டி.வி.க்கும் பாட்டுக்கும் கிடைத்த புகழ் கட்டடத்தின் மாடிக்குக் கிடைக்கவில்லை. நாசாவின் காடர்ட் விண்வெளி ஆய்வுக் கழகம் பல பத்தாண்டுகள் இயங்கியது அங்கேதான். அதன் தலைவர் ஜேம்ஸ் ஹான்சன் 1988 ஜூனில் அமெரிக்க செனட் குழுவின் முன்பு, மனிதன் வெளியேற்றும் வாயுக்களால் பூமி சூடேறத் தொடங்கிவிட்டது என்று சாட்சியம் அளித்தார். உலகம் அந்த எச்சரிக்கையைக் காதில் வாங்கிய முக்கியத் தருணம் அது.

2025-ல் டிரம்ப் அரசு அந்த அலுவலகத்தின் குத்தகையை ரத்து செய்தது. மே மாத இறுதிக்குள் காலி செய்ய உத்தரவு. விஞ்ஞானிகள் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போனார்கள்.

வாடகை ஏற ஏற நியூயார்க்கில் டைனர்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவது பழைய கதை. பிராட்வேயின் இந்த முனையில் மட்டும் கதை தலைகீழ்: பூமியின் காய்ச்சலைக் கணக்கெடுத்தவர்கள் வெளியேறிவிட்டார்கள், முட்டை பொரிப்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்புறம் நின்று படம் எடுப்பவர்கள் கேமராவைச் சற்று மேலே தூக்கினால், அந்த ஜன்னல்களும் படத்தில் விழும்.