காலிங் பெல்லை அமுக்கினால் கான்ட்ரா சுடும்!

எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்தில் ராஜபாளையம். அங்கே இறங்கலாம். தூக்கம் பாக்கி இருந்தால் அடுத்து சங்கரன்கோவிலில் இறங்கலாம். எங்கே இறங்கினாலும் பஸ் பிடித்து ராயகிரி போய்ச் சேர்ந்துவிடலாம். ராஜபாளையம் வழி என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை ஜன்னலோரம் கூடவே வரும். சங்கரன்கோவில் வழி என்றால் மலையைப் பார்த்துப் போவீர்கள். நான் எப்பவும் ராஜபாளையம் கட்சி. ஸ்டேஷன் பக்கத்து டீ ஒரு காரணம்.

ராயகிரி ஒரு பேரூராட்சி. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம், அதற்கப்புறம் தென்காசி மாவட்டம். ஊர் நகரவில்லை, விலாசம்தான் நகர்ந்தது. பக்கத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர். இன்னும் தெற்கே போனால் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி. குற்றாலத்தில் சீசன் என்றால் இங்கே காற்று. கொடியில் காயப்போட்ட வேட்டிக்கு இரண்டு கிளிப் போதாது, நாலு போடணும். இல்லாவிட்டால் அது அடுத்த தெருவில் யார் இடுப்பிலாவது இருக்கும்.

பார்க்க என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு: மலை இருக்கிறது, வயல் இருக்கிறது, சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உலக அரசியல் இருக்கிறது. நான் பார்த்தது ஒரு சோப்பு டப்பா.

என் மனைவியின் அண்ணன் வீட்டில், டிவி ஸ்டாண்டின் மேல் இருந்தது. டப்பாவின் ஒரு பக்கம் தடித்த வயர், அதன் நுனியில் ஒன்பது ஓட்டை பிளக். இன்னொரு பக்கம் வரிசையாக எட்டு சாக்கெட். வாக்மேனில் ஹெட்போன் செருகுவோமே, அதே சைஸ். ஒரு சாக்கெட்டிலிருந்து புறப்பட்ட வயர் தரையோடு ஓடி, பலகையில் திருகிய ஒரு காலிங் பெல் சுவிட்சில் முடிந்தது.

"என்ன மச்சான், வாசல்ல யாராச்சும் வந்தா டிவியிலேயே தெரியுமா?"

"அதெல்லாம் இல்ல மாப்ள. அதை அமுக்கினா கான்ட்ராவுல சுடும்."

கான்ட்ரா என்றதும் நாற்பதைத் தாண்டிய சிலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இளைஞர்களுக்காக ஒரு சின்ன பிளாஷ்பேக். 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டென்டோ கம்பெனி 'பேமிகாம்' என்ற விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்கு விட்டது. கொஞ்ச வருஷத்தில் அதை நகல் எடுத்த பெட்டிகள் ஆசியா முழுக்கக் கிளம்பின. தொண்ணூறுகளில் நம்ம ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அந்த வகையறாதான். ஆளுக்கொரு பெயர். நாம் எல்லாவற்றையும் 'டிவி கேம்' என்றோம். உள்ளே செருகுவது 'கேசட்'. கையில் பிடிப்பது 'ரிமோட்'. வயர் இருக்கிற ஒரே ரிமோட் உலகத்திலேயே அதுதான். கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு விளையாட்டுதான் திரும்பத் திரும்ப வேறு வேறு சட்டை போட்டு வரும்.

மச்சான் 1997 வாக்கில் திண்ணையில் ஒரு கலர் டிவியும் ஒரு பெட்டியும் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டவர். ஊரில் பாதிப் பசங்களின் அரையாண்டு மார்க் அங்கேதான் போயிற்று. வாடகைக்கு விட்டதில் சம்பாதித்ததை விட ரிமோட் ரிப்பேரில் கற்றுக்கொண்டது அதிகம் என்பார். அது பிற்பாடு ரேடியோ, டிவி ரிப்பேர் தொழிலாயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்தார். வலது மணிக்கட்டு. ஆபரேஷன், கம்பி, பிஸியோதெரபி எல்லாம் முடிந்து கை வந்தது. கட்டைவிரல் மட்டும் மடங்கவில்லை. சாப்பிடலாம், கையெழுத்து போடலாம். சால்டரிங் அயர்ன் பிடித்து ஐ.சி.யின் காலில் ஈயம் வைப்பது முடியாது. கடையைச் சாத்திவிட்டார். பேச்சும் குறைந்து போனது என்று என் மனைவி போனில் கேட்டுவிட்டுச் சொல்வாள்.

பரணில் கிடந்த பழைய பெட்டியை இறக்கியது அவர் மகன். ஒன்பதாம் வகுப்பு. பெட்டி வேலை செய்தது, ரிமோட் இரண்டும் செத்திருந்தன. "வேற ஏதாச்சும் ரிமோட் போடலாம்லாப்பா?" என்று கேட்டிருக்கிறான். இங்கேதான் கதையில் வில்லன் வருகிறான்: அந்த ஒன்பது பின்.

1977-ல் அமெரிக்காவில் அடாரி கம்பெனி தன் பெட்டிக்கு ஒன்பது பின் பிளக் வைத்தது. சேகாவும் வைத்தது. நம்ம ஊர் நகல் பெட்டிகளும் வைத்தன. இதெல்லாம் போதாதென்று, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் பின்னால் மவுஸ் செருகுகிற இடத்திலும் அதே ஒன்பது பின். எதை எதில் வேண்டுமானாலும் செருகலாம். கச்சிதமாக உட்காரும். வேலை செய்யாது என்பதோடு நின்றால் பரவாயில்லை. அடாரி ஜாய்ஸ்டிக்கில் சுடுகிற பட்டனை அமுக்கினால் ஆறாம் பின்னும் எட்டாம் பின்னும் சேரும். நகல் பெட்டிகள் பலவற்றில் ஆறாம் பின்தான் ஐந்து வோல்ட், எட்டாம் பின் எர்த். அதாவது அடாரி ஜாய்ஸ்டிக்கை அதில் செருகிச் சுட்டால், சாவது எதிரி இல்லை, பெட்டி. கம்ப்யூட்டர் பக்கம் இன்னும் மோசம், அந்த சீரியல் போர்ட்டில் பன்னிரண்டு வோல்ட் வரை வரும்.

"பிளக் ஒண்ணா இருக்குன்னு நம்பப்படாது மாப்ள. வயர் கலரையும் நம்பப்படாது. செவப்புன்னா அஞ்சு வோல்ட்டுன்னு எவன் சொன்னான்? மீட்டர் வச்சுப் பாக்கணும்." மச்சான் மூன்று வருஷம் பேசாததை எல்லாம் சேர்த்து என்னிடம் பேச ஆரம்பித்தார்.

ரிமோட்டுக்குள் என்ன நடக்கிறது? பள்ளிக்கூடத்து அட்டெண்டன்ஸ்தான். பட்டன் எட்டு. எட்டுக்கும் தனித்தனி வயர் இழுத்தால் கேபிள் தேர் வடம் மாதிரி ஆகிவிடும். அதனால் ரிமோட்டுக்குள் 4021 என்று ஒரு ஐ.சி. அதிலிருந்து பெட்டிக்கு மொத்தம் ஐந்தே வயர். கரண்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. மூன்றாவதில் பெட்டி, "எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்று சொல்லும். அந்த நொடியில் எந்தப் பட்டன் அமுங்கியிருக்கிறதோ அதை ஐ.சி. பிடித்து வைத்துக்கொள்ளும். நாலாவது வயரில், "அடுத்தது... அடுத்தது..." என்று பெட்டி தட்டும். ஐந்தாவதில் ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" சொல்வார்கள். ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. இந்த வரிசை மாறவே மாறாது. நம்ம ஊர் பெட்டியில் இந்த அட்டெண்டன்ஸ் பொதுவாக விநாடிக்கு ஐம்பது தடவை. எந்த வாத்தியாரும் தோற்றார்.

இதில் ஓர் அழகு. நின்டென்டோ 1990-ல் 'சூப்பர் பேமிகாம்' விட்டபோது பட்டன் பன்னிரண்டானது. ஆனால் அட்டெண்டன்ஸ் எடுக்கிற முறையை மாற்றவில்லை. பதினாறு தடவை தட்டுவார்கள், அவ்வளவுதான். ஆகவே சூப்பர் ரிமோட்டின் ஐந்து வயரை நம்ம பழைய பெட்டியின் ஐந்து பின்னோடு சேர்த்தால் போதும். பெட்டி முதல் எட்டுப் பேரைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விடும். மிச்சம் பேர் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பார்கள். வேறே ஐ.சி., புரோகிராம் எதுவும் வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு சிநேகிதர் பழைய சூப்பர் ரிமோட் ஒன்று கொடுத்தார். அதன் வயரை வெட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கி அதை நடுவில் வெட்டி, ஒரு பாதியின் முனையில் ஒன்பது பின் பிளக்கை வைத்தார்கள். அதுதான் முதல் அடாப்டர்.

(பார்க்க அச்சு அசல் சூப்பர் ரிமோட் மாதிரியே ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். அதில் முக்கால்வாசி யு.எஸ்.பி. அதற்கு இந்த ஐந்து வயர் வைத்தியம் பலிக்காது. யு.எஸ்.பி., பிளே ஸ்டேஷன் ரிமோட்டெல்லாம் வேறே பாஷை. நடுவில் ஆர்டினோ மாதிரி ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும்.)

பையனுக்கு வேலை முடிந்தது. ஒரே சிக்கல். கான்ட்ராவில் முப்பது உயிர் கிடைக்கிற மந்திரம் உண்டே: மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ! கோனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ 'கிரேடியஸ்' விளையாட்டை 1986-ல் வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, அடிக்கடி செத்துப் போகாமல் சோதித்துப் பார்க்கத் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. எடுக்காமலே விட்டுவிட்டார்கள். சூப்பர் ரிமோட்டில் பி இருக்கிற இடம் ஏ ஆகிவிடுகிறது, ஒய் இருக்கிற இடம் பி ஆகிவிடுகிறது. ஆகவே மந்திரத்தின் கடைசியை 'ஒய், பி' என்று ஓத வேண்டும். பையன் ஒருநாள் முழுக்க மூன்றே உயிரோடு செத்துச் செத்து இதைக் கண்டுபிடித்தான்.

அப்பா விளையாட முடியவில்லை. இந்த ரிமோட்டுகள் எல்லாமே வலது கட்டைவிரலை நம்பிச் செய்தவை. குதிக்க ஒரு பட்டன், சுட ஒரு பட்டன், இரண்டும் அந்த ஒரு விரலுக்கு. "நான் பாக்கேன், நீ ஆடுலே" என்று ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் செத்த ரிமோட் ஒன்றைப் பிரித்திருக்கிறார்.

அவர் யோசித்தது இதுதான். 4021 ஐ.சி.க்கு எட்டு வாசல். வாசலில் நிற்பது ரிமோட் பட்டனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஐ.சி. கேட்பதில்லை. எர்த்தோடு சேர்த்துவிட்டு விடுகிற எந்த சுவிட்சானாலும் அதற்கு சரி. எட்டு வாசலுக்கும் ஆளுக்கொரு பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து ஐந்து வோல்ட்டில் கட்டிவிட்டால், சும்மா இருக்கும்போது ஐ.சி. குழம்பாது. வெளியே எட்டு சாக்கெட். யாருக்கு எந்த அங்கம் ஒழுங்காக வேலை செய்கிறதோ, அதற்குத் தோதான சுவிட்சைச் செருகிக்கொள்ளலாம்.

சென்னைக்கு போன் வந்தது. "மாப்ள, ரிச்சி தெரு பக்கம் போவீகளா?" அண்ணா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் ஐ.சி.யிலிருந்து ஆம்ப்ளிபயர் வரை கிடைக்கிற தெரு. ஆபீஸ் முடிந்து போனேன். 4021 இரண்டு, ரெசிஸ்டர், சாக்கெட், பிளக். கடைக்காரர் மொத்தத்தையும் ஒரு சின்னக் கவரில் போட்டுக் கொடுத்தார். சினிமா போய் பாப்கார்ன் சாப்பிடுகிற செலவைவிடக் குறைவு.

ஈயம் வைத்தது மச்சான், இடது கையால். போர்டைப் பிடித்துக்கொண்டது பையன். முதல் இரண்டு ஐ.சி.யில் ஒன்று கருகியது. இரண்டாவது நின்றது. "மூணு ராத்திரி. வீடு முழுக்கப் புகை. கோயில் திருவிழா மாதிரி இருந்தது" என்றார் அக்கா. புகார் மாதிரி ஆரம்பித்து, வேறு மாதிரி முடித்தார்.

இது ராயகிரியில் மட்டும் வந்த யோசனை இல்லை. 1989-லேயே நின்டென்டோ, கை அசைக்க முடியாதவர்களுக்காக, மார்பில் மாட்டிக்கொண்டு தாடையால் திருப்பி, குழாயில் ஊதியும் உறிஞ்சியும் ஆடுகிற கருவியை விட்டது. 2018-ல் மைக்ரோசாப்ட், 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்' என்று ஒன்று கொண்டுவந்தது. அதன் முதுகில் பத்தொன்பது சாக்கெட், அதே ஹெட்போன் சைஸ். அமெரிக்காவில் அன்றைய விலை நூறு டாலர். பையன் போனில் அதன் படத்தைக் காட்டியபோது மச்சான் உற்றுப் பார்த்துவிட்டு, "நம்மளது எட்டுதான். ஆனா சோப்பு டப்பா" என்றார்.

நான் போன அன்றைக்கு அமைப்பு இப்படி: திசைக்கெல்லாம் பழைய ஆட்ட மெஷினின் குச்சி, இடது கைக்கு. குதிக்க வலது முழங்கைக்குக் கீழே ஒரு பெரிய பட்டன். சுட, காலடியில் காலிங் பெல். முதல் ஸ்டேஜில் நான் மூன்று உயிரையும் பாலத்திலேயே விட்டேன். மச்சான் ஒரு உயிரில் கடைசி வரை போனார். காலால் சுடுகிறவர் நிறுத்தாமல் சுடலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மாப்ள டயர்டா இருக்காக, ரயில்ல வந்ததுல்லா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

இப்போது டவுனிலிருந்து சின்னச் சின்ன வேலைகளை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். மிக்ஸி சுவிட்ச், சார்ஜர், டிவி ரிமோட். இடது கையில் நேரமாகும் என்று சொல்லித்தான் வாங்குகிறார். கடை இன்னும் திறக்கவில்லை.

பையனுக்கு ஓர் ஆசை பாக்கி. பெட்டியோடு வந்த துப்பாக்கி. வாத்து சுடுகிற விளையாட்டு. "அதுக்கு ஒரு அடாப்டர் பண்ணுங்களேம்ப்பா!" அது நடக்காது. குதிரையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள் இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் பழைய பிக்சர் டியூப் அடிக்கிற அதே வேகத்தில். இன்றைய தட்டை டிவியில் படம் கொஞ்சம் லேட்டாக வரும், துடிக்கிற விதமும் வேறு. துப்பாக்கி குருடாகிவிடும்.

"பழைய டிவி எங்கே மச்சான்?"

மச்சான் அக்காவைப் பார்த்தார். அக்கா அடுப்படியைப் பார்த்தார். போன தீபாவளிக்கு முன்னால் பழைய சாமான்காரர் வந்திருந்தாராம். அடுப்படியில் அரிசி கழுவுகிற பிளாஸ்டிக் வாளி புதுசாக இருந்தது.