இருபத்திரண்டு டிகிரி குளிர்

சிங்கப்பூரில் குளிர்காலம் இல்லை என்று யார் சொன்னாலும் என் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். டிசம்பர் பாதியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவருடைய பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை இறங்கும். அது இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் குளிர்காலம் வந்துவிட்டது என்று பொருள். கைத்தொலைபேசியில் 24 டிகிரி என்று காட்டினால் என்ன, 22 என்று காட்டினால் என்ன? "என் முட்டிக்குத் தெரியாததா அந்த டப்பாவுக்குத் தெரியப்போகுது?" என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை இங்கே வீசுவது வடகிழக்குப் பருவக்காற்று. முதல் பாதி மழை. பிப்ரவரி வாக்கில் ஈரம் வற்றிக் காய்ந்த காற்றாகிவிடும். வடக்கே ஆசியாவில் குளிர் முற்றும்போது அங்கிருந்து கிளம்பும் காற்று தென்சீனக் கடலின் மேல் வலுத்து, ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் தலையில் கொட்டுகிறது. வானிலை அறிக்கைகளில் 'மான்சூன் சர்ஜ்' என்று சொல்வது இதைத்தான். பிடித்தால் இரண்டு மூன்று நாளுக்கு விடாது. நம் சன்னலில் வந்து அடிப்பது உண்மையிலேயே ஒரு குளிர்காலத்தின் வால்தான்.

ஆனால் அலுவலகத்தில் நவம்பர் மாதமே கேள்வி தொடங்கிவிடும்: "டிசம்பர்ல எங்கே போறீங்க?" ஜப்பான், கொரியா, ஐரோப்பா. எல்லாருக்கும் பனி வேண்டும். 2024 டிசம்பரில் என் கணவரும் மகனும் கொழுந்தனார் குடும்பத்தோடு கொரியாவுக்குப் போனார்கள். நான் போகவில்லை. கோப்பியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

கோப்பி எங்கள் நாய். காப்பித்தூள் நிறம் என்பதால் மகன் வைத்த பெயர். சாதி நாய் இல்லை. இந்த ஊரில் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்லும் கலப்பினம். வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய வகையாக இருக்க வேண்டும் என்பது விதி. தெருவிலிருந்து மீட்கப்பட்ட கலப்பின நாய்களுக்கும் வீவக வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட திட்டம் 2012இல் தொடங்கியது. நாங்கள் 2014இல் கோப்பியை எடுத்தபோது 50 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோ எடை என்று வரம்பு இருந்தது. பதினான்கே கால் கிலோவில் தப்பித்து வந்தவள் அவள்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயதுக்கு மேல் ஆகிறது. பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன. மாதம் ஒரு ஊசி. "வயதைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருக்காதீர்கள். தினமும் கொஞ்சமாவது நடக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். நடை நின்றால் கால் போய்விடும்" என்றார் மருத்துவர்.

இதே வாக்கியத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொருவரும் எங்களிடம் சொல்லியிருந்தார். அவர் மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். பேச்சு அம்மாவைப் பற்றி. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார். எழுபத்தாறு வயது. மின்தூக்கி எங்கள் நாலாவது மாடியிலேயே நிற்கிறது, கைத்தடி இருக்கிறது, கூட வர ஆள் இருக்கிறது. ஆனால் எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்: "வெயிலா இருக்கும்மா." ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், அப்படியே போயிற்று.

அம்மாவுக்கும் கோப்பிக்கும் இடையில் இருப்பது பாசம் என்று சொன்னால் அம்மா கோபித்துக்கொள்வார். ஜொகூரில் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். அங்கே நாய்க்கு இடம் வாசல்தான். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் விறகுக்கட்டை பறக்கும். இங்கே விறகுக்கட்டை இல்லாததால் ஓர் எல்லைக்கோடு போட்டார். சமையலறை நிலையின் அலுமினியப் பட்டை, அதுதான் கோடு. பத்து வருடமாகக் கோப்பி தன் இரண்டு முன்னங்கால்களையும் அந்தப் பட்டையின் விளிம்பில் சரியாக வைத்துப் படுத்துக்கொள்கிறாள். ஒரு நகம்கூட உள்ளே இருக்காது. அவித்த பூசணித் துண்டு மட்டும் அவ்வப்போது எல்லை தாண்டி வெளியே வரும். யார் போட்டது என்று கேட்டால் தவறி விழுந்துவிட்டதாம்.

நாய் வளர்க்கும் யாருக்கும் இந்த ஊரின் மதியம் ஒரு மூடிய கதவு. காலை ஒன்பது மணிக்கு மேல் நடைபாதை சுட ஆரம்பித்துவிடும். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் தாங்க முடியாது. மாலை ஆறு மணிவரை வீட்டுக்குள்தான். நவம்பரில் மழை பெய்கிறதே என்றால், அது இடியோடு பெய்யும் மழை. முதல் முழக்கத்துக்கே கோப்பி கட்டிலடியில் போய்விடுவாள். டிசம்பர், ஜனவரி மழை வேறு ரகம். பெரும்பாலும் சத்தம் போடாது. நாள் முழுவதும் நின்று நிதானமாகப் பெய்யும். வானம் சாம்பல் நிறம், காற்று சில்லென்று, தரை குளிர்ந்து கிடக்கும். அந்த இரண்டு மாதம்தான் அவளுக்கு மதியமும் கிடைக்கிறது. மதியம் இரண்டு மணிக்குக் கழுத்துப் பட்டையை எடுத்தால் முதலில் நம்ப மாட்டாள். சன்னலைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பிறகுதான் வால் ஆடும்.

செடிகளின் கதை கொஞ்சம் கலவையானது. எங்கள் வீட்டு வாசலில் பதினோரு தொட்டிகள். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் அகலம் விட வேண்டும் என்பதால் சுவரோரமாக ஒற்றை வரிசையில் அடுக்கியிருக்கிறோம். மழைக்காலத்தில் மிளகாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பூக்கும், மகரந்தம் நனைந்து பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கறிவேப்பிலை துளிர் விடாமல் அப்படியே நிற்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் விடுவதுதான் அப்போது செய்யக்கூடிய பெரிய உதவி. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளைத் தினமும் கவிழ்ப்பது என் வேலை. டெங்கிக் கொசுவுக்கு அந்த ஒரு கரண்டித் தண்ணீர் போதும்.

வெற்றிலைக்கோ இதுதான் பொற்காலம். நிழலும் ஈரமும் கிடைத்தால் கொடி ஒரு வாரத்தில் கம்பியில் இரண்டு கட்டம் ஏறிவிடும். பசலையும் அப்படியே. பதியன் போடவும் இதைவிட நல்ல மாதம் கிடையாது. வெட்டி நட்ட குச்சி வேர் பிடிக்கும் முன்பே வெயிலில் வதங்கிப் போவதுதான் மற்ற மாதங்களின் தொல்லை; மழைக்காலத்தில் காற்றே ஈரத்துணி போட்டு மூடியதுபோல் அதைக் காப்பாற்றிவிடும். ஓமவல்லி, செம்பருத்தி, துளசி, எதை ஒடித்து நட்டாலும் பத்து நாளில் நிமிர்ந்துகொள்ளும்.

மார்கழி பிறந்ததும் அம்மா வாசலில் கோலம் போட ஆரம்பித்தார். குனிய முடியாது என்பதால் சிறிய முக்காலியில் உட்கார்ந்து நாலு புள்ளிக் கோலம். பக்கத்தில் கோப்பி. தினமும் ஒரு மூலை வாலால் கலைந்திருக்கும். அம்மா அதைத் திட்டிக்கொண்டே திருத்துவார். கொரியாவிலிருந்து மகன் படமழைப்பில் பனியைக் காட்டி, "பாட்டி, இங்கே மைனஸ் ஆறு!" என்றான். அம்மா கம்பளிச் சட்டைக் கையை இழுத்துவிட்டு, "இங்கேயும் குளிருதுய்யா" என்றார். இரண்டு பக்கமும் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

அந்த ஜனவரி மழை உங்களுக்கும் நினைவிருக்கும். 2025 ஜனவரி 10, 11 என்று இரண்டே நாளில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் பெய்தது. அது ஜனவரி மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய சராசரியைவிட அதிகம். துணி காயவில்லை, அரிசி டின்னில்கூட ஈரவாடை. கோப்பியைத் துடைத்துத் துடைத்து அம்மாவின் பழைய கைலிகள் மூன்று தீர்ந்தன. நான் இஞ்சி தட்டிப்போட்டுத் தேநீர் வைப்பதும், அம்மா ரசம் வைப்பதும், நாய் இரண்டையும் மோந்து பார்ப்பதுமாக இரண்டு நாள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்த இரண்டு நாளும் பிடித்திருந்தது.

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு. மழை தூறலாகக் குறைந்திருந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கோப்பியின் பட்டையை எடுத்தேன். வழக்கம்போல அம்மாவையும் கூப்பிட்டேன். வாய் திறந்தார். சன்னலைப் பார்த்தார். சொல்வதற்கு வெயில் இல்லை.

"நாய்க்காக வரலை. அந்தத் தோட்டத்துல பசலை எப்படி இருக்குன்னு பார்க்கணும்" என்றார்.

எங்கள் புளோக்குக்குப் பின்னால் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிவைத்த இயக்கத்தில் ஊரெங்கும் முளைத்தவற்றில் ஒன்று. அதுவரை ஐந்து நிமிட நடை. அன்றைக்கு இருபது நிமிடம் ஆயிற்று. முன்னால் கைத்தடி, பக்கத்தில் நாய். யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கோப்பி ஒரு தூணை மோந்து நின்றால் அம்மாவும் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். அம்மா நின்றால் கோப்பி உட்கார்ந்துகொள்வாள். இருவருக்கும் ஒரே பக்கத்து முட்டி வேறு.

தோட்டத்தில் ஒரு சீன அங்கிள் டார்ச் விளக்கோடு இலைகளுக்கு அடியில் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தோட்டத்துப் பழக்கம் போகாது. "தௌக்கே!" என்றார். அவர் திரும்பினார். அம்மா ஒரு கீரையைக் காட்டி, "இனி பொலே மக்கான்?" என்று கேட்டார். சாப்பிடலாமாம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அரைமணி நேரம் சந்தை மலாயில் பேசினார்கள். நான் பார்த்து வளர்ந்த அம்மா அவர். அந்த ஆறு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. திரும்பும்போது அம்மாவிடம் மூன்று மரவள்ளிக் குச்சிகளும் ஒரு பை நிறைய கங்கோங்கும் இருந்தன. மரவள்ளியைத் தொட்டியில் வைக்க முடியாது என்று நான் சொல்லவில்லை.

பொங்கலன்று வானம் தெளிந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் இன்னும் தூரம் போனோம். நாயோடு எம்ஆர்டியிலும் பேருந்திலும் ஏற முடியாது. ஆகவே எங்கள் உல்லாசப் பயணங்கள் எல்லாம் கால் போகும் தூரம்தான். பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று; வழியில் நான்கு பெஞ்சுகளில் உட்கார்ந்தோம். அங்கே ஓடும் காலாங் ஆறு முன்பு 2.7 கிலோமீட்டர் நீளச் சிமெண்டுக் கால்வாய். அதை உடைத்து வளைத்து, 3.2 கிலோமீட்டர் நீளத்துக்குப் புல்லும் கல்லுமாக உண்மையான ஆறு போலவே ஓடவிட்டிருக்கிறார்கள். 2012இல் திறந்தபோது என் மகனைத் தள்ளுவண்டியில் வைத்துப் பார்க்கப் போனோம். மழைக்குப் பிறகு தண்ணீர் பால் ஊற்றிய காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடை இந்த நிறம்தானாம்.

புல்வெளிக்கு மேலே தகைவிலான் குருவிகள் தாழப் பறந்துகொண்டிருந்தன. வடக்கே குளிர் தொடங்கும்போது புறப்பட்டு இங்கே வந்து சில மாதம் தங்கிவிட்டுப் போகிறவை. நாம் காசு கொடுத்துப் பனியைப் பார்க்கப் போகிறோம். அவை அதைப் பார்க்காமலிருக்க அத்தனை தூரம் பறந்து வருகின்றன. அம்மாவிடம் சொன்னேன். "புத்தியுள்ள குருவி" என்றார். கோப்பி ஈரப்புல்லில் முதுகைத் தேய்த்துப் புரண்டாள். பின்னங்கால்கள் இரண்டும் ஆகாயத்தில். எழுந்திருக்கத்தான் சற்று நேரமானது. அம்மா கைத்தடியை அவள் பக்கமாக நீட்டினார். நாய்க்குக் கைத்தடி எதற்கு என்று நான் சிரித்தேன்.

சீனப் புத்தாண்டு முடிவதற்குள் மழையும் முடிந்துவிட்டது. பிப்ரவரியின் காய்ந்த காற்று தாழ்வாரத்தில் வீசியது. மிளகாயில் ஒரே வாரத்தில் ஏழு பிஞ்சுகள். கறிவேப்பிலை உச்சியில் செந்நிறத் துளிர். மரவள்ளிக் குச்சிகளில் இரண்டு பிழைத்து, தௌக்கேயின் தோட்டத்துக்கே திரும்பிப் போயின. காலை ஒன்பது மணிக்குத் தரையில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஐந்து விநாடிதான் தாங்கியது.

கம்பளிச் சட்டையைத் துவைத்து மடித்து மேல்தட்டில் வைக்கச் சொன்னார் அம்மா. நான் நாற்காலியில் ஏறி வைத்துக்கொண்டிருந்தபோது கீழிருந்து கேட்டார்: "நாளைக்கு ஆறரைக்கு எழுப்புறியா? வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். அதுக்குக் கால் பிடிச்சுக்கிட்டா பாவம்."