கயிற்றுக்கு முன் வேலி

2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தபோது, எமது நாயைக் கட்டியபடியே விட்டுவந்தோம். மாலையில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தோம். அந்தக் குற்றவுணர்வே, தெருநாய்களை எடுத்து வளர்க்க விரும்பும் பெண்களுக்குப் பயிற்சி வழங்க என்னைத் தூண்டியது.

அண்மையில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் தனித்து வாழும் அக்கா ஒருவர் சொன்னார்: “காவலுக்கு ஒரு நாய் வேணும் தங்கச்சி. கட்டித்தான் வளர்ப்பன்.”

நாள் முழுவதும் கட்டிக்கிடக்கும் நாய், பயத்தில் கிட்டப்போகும் பிள்ளையையே கடிக்கக்கூடும் என விளக்கினேன். புதிதாக வந்த நாயைச் சில நாட்கள் அமைதியான இடத்தில் விட்டு, நேரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் வைத்து, அது தானாக நெருங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். சாப்பிடும்போது தொடக்கூடாது. வருடந்தோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடவேண்டும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மஞ்சள் பூசிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நோயின் அறிகுறி தோன்றினால் உயிரைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

“வெடிச்சத்தத்துக்குக் கட்டிலின்கீழ் ஒளியும் நாயை வெளியே இழுக்காதீர்கள்” என்றேன்.

“என்ர மகளும் அப்பிடித்தான் கிடந்தவள்” என்றார் அக்கா மெதுவாக. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

புறப்படும்போது அவர் கேட்டார்: “கயிறு எவ்வளவு நீளம் விடலாம்?”

“வளவுக்கு வேலி இருந்தால் கயிறு தேவையில்லை அக்கா.”

“அப்ப முதல்ல வேலியை அடைக்கிறன். பிறகு நாயைக் கொண்டு வாறன்.”