வர்த்தமானியும் லயத்துக் காம்பிராவும்

ஊரடங்கு என்னும் சொல் மலைநாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. 1958இலும், 1977இலும், 1983இலும் அச்சொல் காதில் விழுந்தபோதெல்லாம் எம்மவர் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனர். அப்பொழுது அஞ்சவேண்டியவன் மனிதன். அவன் வருகிற ஓசையாவது கேட்கும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோதோ, அயல்வீட்டாரின் மூச்சுக்கு அஞ்சுங்கள் என்றார்கள். பழைய பழக்கம் விடவில்லை. என் அம்மாயி அன்றிரவும் முன்வாசல் விளக்கை அணைத்துவிட்டார். "அம்மாயி, இது கலகம் இல்லை, காய்ச்சல்" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும் சாமி" என்றார்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் உள்ள சிறு நகரம் வத்தேகம; எம்மவர் நாவில் அது வத்துகாமம். கிழக்கே பன்விலை, மடுல்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கும் மேலே நக்கிள்ஸ் மலைகள். மிளகும் கராம்பும் ஏலமும் கடைத்தெருவுக்கு இறங்கிவரும். அரிசியும் கருவாடும் மலைக்கு ஏறிப்போகும். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒரே தராசின் முன்னே நின்று விலை பேசுகிற ஊர். அந்தத் தராசு நின்றது, புகைவண்டி நின்றது. மார்ச்சு மாதம் முடிவதற்குள், மேற்கே மலைமடிப்புக்கு அப்பாலுள்ள அக்குறணை முற்றாக மூடப்பட்டது என்ற செய்தி வந்தது. நோய் எங்கோ சீனத்தில் இருந்தது போய், எங்கள் உறவினர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படலாயிற்று.

மலையில் மட்டும் வேலை நிற்கவில்லை. பயிர்த்தொழிலுக்கும் தோட்டத் தொழிலுக்கும் அரசாங்கம் விலக்களித்திருந்தது. நகரத்தில் ஒரு காகம்கூட நடமாடாத காலையில், மேலே பிரட்டுக்களத்தில் பெயர் வாசிக்கப்பட்டது, கூடை ஏறிற்று, கொழுந்து இறங்கிற்று. முகக்கவசத்துடன் மலையேறிக் கொழுந்து பறிப்பது எப்படி இருக்கும் என்பதை வர்த்தமானி எழுதியவர்கள் ஒருநாள் பார்த்திருக்கலாம்.

அக்காலத்து விதிகளிற் சிலவற்றை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கட்டளை பிறந்தது. அடையாள அட்டையின் கடைசி இலக்கம் ஒற்றையானால் ஒற்றைத் திகதிகளிலும், இரட்டையானால் இரட்டைத் திகதிகளிலும் மட்டுமே வெளியே செல்லலாம். என் அட்டையின் கடைசி இலக்கம் 7. என் மனைவியுடையது 3. ஆகவே இரட்டைத் திகதிகளில் எங்கள் வீட்டிலிருந்து வெளியே போகச் சட்டப்படி தகுதி பெற்றவர் 90 வயதான அம்மாயி ஒருவரே! வேலிக்கு அப்பால் இருந்த சிங்களக் குடும்பத்தாருக்கோ இரண்டு பேருக்கும் இரட்டை இலக்கம். அவர்கள் எங்களுக்குச் சீனி வாங்கினார்கள். நாங்கள் அவர்களுக்குப் பாண் வாங்கினோம். திருமணப் பொருத்தம் பார்க்கும் சோதிடர்கள் இனி இதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் சிரித்துத் தள்ள முடியாத விதிகளும் உண்டு. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆந் திகதி வெளியான வர்த்தமானியின்படி, பொது இடத்தில் முகக்கவசம் அணியாதிருத்தலும், ஒரு மீற்றர் இடைவெளி பேணாதிருத்தலும் குற்றங்களாயின. தண்டம் 10,000 ரூபாய் வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை. தோட்டத் தொழிலாளியின் அன்றைய அடிப்படை நாட்கூலி 700 ரூபாய். பதினான்கு நாள் வேலை செய்தால் 9,800 ரூபாய்.

இந்தப் பதினான்கு நாள் என்னும் கணக்கு மற்றோரிடத்திலும் எங்களைப் பிடித்தது. அதே அக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் பரவியது. மேல் மாகாணத்தில் ஊரடங்கு வரப்போகிறதென்று அறிந்தவுடன், கொழும்புக் கடைகளில் வேலை செய்த எங்கள் பிள்ளைகள் ஊருக்குப் புறப்பட்டார்கள். தீபாவளி நெருங்குகிற நேரம் வேறு. மேல் மாகாணத்திலிருந்து வந்தவர்கள் பதினான்கு நாள் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும் என்பது கட்டளை. வீட்டிலே தனித்திருப்பது என்றால், வீட்டில் ஒரு தனி அறை இருக்கவேண்டும் அல்லவா? லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். நடுவில் உள்ள அச்சுவரும் கூரை வரை எட்டுவதில்லை. இருமினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

என் தாய்மாமன் அத்தகைய ஒரு லயத்தில் இருக்கிறார். புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் வேலை செய்த அவருடைய மகன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். மாமா தொலைபேசியில் அழைத்தார். குரலைத் தாழ்த்தியே பேசினார். "மாப்பிள்ளை, பய வர்றான். யாருக்கும் தெரியாமே உள்ளுக்குள்ளயே வச்சிக்கிருவோமா? நோட்டீசு ஒட்டிட்டா நாங்க அஞ்சு பேரும் பேர் விழாமே கிடக்கணும். தீவாளிக்கு என்ன செய்யிறது?"

அவர் கேட்டது தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நோய் இருப்பதாகச் சொன்னால் ஐந்து பேரின் இரண்டு வாரக் கூலி போகிறது; மறைத்தால் ஒன்றும் போவதில்லை, நோய் வராதவரை. கட்டளை அவரை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது கண்கூடு.

நல்லவேளையாக, எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எனக்கு அறிமுகமானவர், சிங்களவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் உடைக்காமல் கேட்பார். விஷயத்தைச் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு ஏறிவந்து, காம்பிராவை வெளியே நின்றபடியே பார்த்தார். பிறகு, பாடசாலைகளைப் போல அப்போது பூட்டிக் கிடந்த பிள்ளை மடுவத்தைப் பார்த்தார். "சாவி யாரிடம்?" என்று கேட்டார். பையன் வீட்டு வாசலை மிதிக்காமல் நேரே மடுவத்துக்குப் போனான். அறிவித்தலை ஒட்டவேண்டியது அதிகாரியின் கடமை. ஒட்டினார், மடுவத்தின் கதவில். மாமா குடும்பத்தார் மறுநாள் வேலைக்குப் போனார்கள். மாமி மூன்று வேளையும் சோற்றுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று, அவன் சாப்பிடுகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி அவன் வீடு வந்தான். இதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. அந்த இரண்டு வாரத்துக்குள் அதே தோட்டத்தில் வேறு இரு குடும்பத்தார், தங்கள் பிள்ளைகளும் கொழும்பிலிருந்து வருவதாகத் தாமாகவே வந்து சொன்னார்கள்.

தனிமைப்படுத்தல் என்ற சொல்லை வானொலியில் கேட்டுக் கேட்டு அதன் பொருளை அம்மாயி ஒருநாள் கண்டுகொண்டார். "இதைத்தானே அப்பவே மண்டபத்துல செஞ்சாங்க!" என்றார். அவர் பிறந்தது 1931இல். 1937இல், ஆறு வயதுச் சிறுமியாகத் தாய் தந்தையருடன் இலங்கைக்கு வந்தவர். (2023இல் மறைந்தார்.) இராமேசுவரத்துக்கு இப்பால் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் ஆறு நாள் இருந்ததை, நேற்று நடந்ததைப் போலச் சொல்வார். உடுத்த துணியை வாங்கி நீராவியில் அவித்தார்களாம். கையில் அம்மைப்பால் குத்தினார்களாம். நாள்தோறும் வரிசையில் நிறுத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்களாம். அவருடைய தம்பிக்கு மூன்றாம் நாள் உடம்பு சுட்டது. டாக்டர் வருமுன் அவர் தாய் ஈரத்துணியால் பிள்ளையின் நெற்றியையும் கழுத்தையும் துடைத்துத் துடைத்துச் சூட்டைத் தணித்து நிறுத்தினாராம். "காய்ச்சல்னு தெரிஞ்சா அவனைப் பிரிச்சு வச்சுருவாங்க. மத்தவங்களைக் கப்பல்ல ஏத்திருவாங்க. பெத்தவ என்ன செய்வா?"

தம்பிக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல். வேறொரு பிள்ளைக்கு வேறொன்றாக இருந்திருந்தால் அந்த ஈரத்துணியே கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் எமனாகியிருக்கும். அம்மாயியின் தாய் அதை அறியாதவர் அல்லர். இருந்தும் துடைத்தார்.

2020இல் முகக்கவச விதி எந்தச் சட்டத்தின் கீழ் வந்ததோ, அது 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். விந்தை என்னவென்றால், இந்தியாவின் தொற்றுநோய்ச் சட்டமும் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமே. முந்திய ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோயின் அச்சமே இரண்டுக்கும் தாய். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக எம் முன்னோர் நடந்துவந்த பாதை, அந்த அச்சத்தால் அந்நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டது. தூத்துக்குடிப் பக்கத்துத் தட்டப்பாறையும், பின்னர் மண்டபமும் வாசல்களாயின. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவ்வாசல்களில் காத்திருந்தவர்கள் தொழிலாளர். துரைமாருக்கு அந்த முகாம் வாசம் இல்லை. ஆகவே 2020இல் நாடு முழுவதும் அனுபவித்த காவலை, எங்கள் குடும்பங்கள் மூன்று தலைமுறைக்கு முன்னரே அனுபவித்துவிட்டன எனலாம்.

அந்த 1897இல் பூனா நகரில் நடந்ததைச் சரித்திரம் படிக்கும் மாணவர்கள் அறிவர். பிளேக்கு நோயாளிகளைத் தேடிப் படைவீரர் வீடுவீடாகப் புகுந்தனர். அடுப்பங்கரை, பூசையறை என்று பாராமல் நுழைந்தனர். மக்கள் நோயாளிகளை ஒளித்தனர், இறந்தவர்களைக்கூட ஒளித்தனர். முடிவில் பிளேக்குத் தடுப்பு அதிகாரி ராண்டை அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சாபேக்கர் சகோதரர் சுட்டனர்.

இவ்வளவு பழைய கதையை இழுப்பானேன் என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி வெளியான மற்றொரு வர்த்தமானியே காரணம். கொவிட் நோயால் இறந்த எவரையும் எரித்தே ஆகவேண்டும் என்றது அது. புதைத்தாலும் எரித்தாலும் தீங்கில்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சு மாதத்திலேயே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெடும் என்றார்கள் இங்கே. முஸ்லிம்கள் மன்றாடினார்கள், கிறித்தவர்களிலும் பலர் மன்றாடினார்கள். பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்று எரிக்கப்பட்ட பின், டிசம்பர் மாதத்தில், பொரளை மயானத்து வேலியில் எல்லா மதத்தாரும் வந்து வெள்ளைத் துணி கட்டினார்கள்.

எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள மடவளையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, மிளகு வியாபாரி, என்னிலும் மூத்தவராதலின் நானா என்றே அழைப்பேன். 2021 ஜனவரியில் ஒரு நாள் இரவு அவர் தொலைபேசியில் பேசினார். "மாஸ்டர், உம்மாவுக்கு நாலு நாளாக் காய்ச்சல். மூச்சும் ஒரு மாதிரியா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மனசு வருதில்ல. அங்க மௌத்தானா..." என்று நிறுத்திக்கொண்டார். படித்தவர், விவரமறிந்தவர், எனக்கு முன்னரே முகக்கவசம் அணியத் தொடங்கியவர். அவர் வீட்டுச் சன்னல்கள் அந்த நான்கு நாளும் சாத்தியே கிடந்தன. தெரிந்த வைத்தியர் ஒருவர் தொலைபேசியிலேயே மருந்து சொன்னார். தாய் பிழைத்தார். அந்தக் காய்ச்சல் இன்னதென்று எவரும் சோதிக்கவில்லை. அவ்வீட்டுக்கு வந்துபோன உறவினரையும் எவரும் எச்சரிக்கவில்லை. நோயைத் தடுக்க வந்த கட்டளை, நோயை எண்ணவேண்டிய அதிகாரிகளின் கண்ணையே மறைத்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்த அந்தத் தாயை அன்றிரவு நான் நினைத்துக்கொண்டேன்.

2021 பிப்ரவரி 25ஆந் திகதி புதிய வர்த்தமானி வந்தது, புதைக்க இடங்கொடுத்தார்கள். கண்டியில் இறந்தாலும், காலியில் இறந்தாலும் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அதற்குள் பல குடும்பங்கள் சாம்பலை வாங்கமாட்டோம் என்று மறுத்திருந்தன. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மன்னிப்புக் கேட்டது நல்லதே. எனினும், சான்று இல்லாத ஒரு விதியைப் பத்து மாதம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அதே மூச்சில் எங்களை நம்புங்கள் என்றது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நோய் கொடியதன்று என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். இந்நாட்டில் 16,000க்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். அவர்களுள் எங்கள் கடைத்தெருவில் நான் நாள்தோறும் கண்ட இருவரும் உண்டு. 2021 ஆகஸ்டில் மீண்டும் நாடு பூட்டப்பட்டு அக்டோபரில் திறந்தபோது, பூட்டியது போதாது, முந்தியே பூட்டியிருக்கவேண்டும் என்றே நானும் பேசினேன். கட்டளை வேண்டும். மடுவத்தின் சாவியைக் கேட்கிற அதிகாரியும் வேண்டும். முன்னதை அச்சடிக்க ஓரிரவு போதும். பின்னவரை அரசாங்கம் எங்கே உருவாக்குகிறது என்று எனக்குத் தெரிந்தால் அந்த இடத்துக்கு ஒரு மாலை வாங்கிக்கொண்டு போவேன்.

தடுப்பூசி எங்களுக்கு 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கிடைத்தது. பாடசாலை மண்டபத்தில் வாங்குகளைப் போட்டிருந்தார்கள். முதியோர் வரிசையில் நானாவின் தாயார் முந்தியே வந்து அமர்ந்திருந்தார். அம்மாயியைக் கண்டதும் நகர்ந்து இடங்கொடுத்தார். ஒரு மீற்றர் இடைவெளியை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அம்மாயியின் முறை வந்தது. தாதிப்பெண் சட்டைக் கையை மேலே தள்ளினாள். மேற்கையில், காசு அளவில், பழைய தழும்பு ஒன்று இருந்தது. இது என்ன என்று அவள் கேட்டாள். அம்மாயி அக்கையை மெல்ல விடுவித்துக்கொண்டு மறுகையை நீட்டினார். "அது மண்டபத்துக்குக் குடுத்த கை தாயி. இதுல குத்து" என்றார்.